கைக்கு வாகான கைப்பிடி

குமிழா கைப்பிடியா என்று கடைக்காரர் மைதீன் பாய் கேட்டது வயலெட்டின் காதில் விழவில்லை. அவர் ஒரு கையில் உருண்டையாக ஒன்றும் மறு கையில் நீளமாக ஒன்றும் வைத்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி நின்ற நிலையிலிருந்து அதைத்தான் கேட்டிருப்பார் என்று ஊகித்துக்கொண்டாள். 'பாப்போம்' என்றாள். பாப்போம் என்பது நல்ல சொல். யார் எதைக் கேட்டிருந்தாலும் அதைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம். அது போக 'அப்படியா', 'அதுக்கென்ன', 'உங்க இஷ்டம்' என்று இன்னும் சிலவற்றைக் கைவசம் வைத்திருக்கிறாள்; ஒரு வருஷத்துக்கும் மேலாக அவற்றைக் கொண்டுதான் குடித்தனம் ஓடுகிறது. காது போய்க்கொண்டிருக்கிறது. இடது காது அநேகமாகப் போயேவிட்டது, வலது காது ஆளைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் வேலை செய்கிறது. இந்தச் சங்கதி அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இதோ பக்கத்தில் நிற்கிற புருஷன் ஆசீருக்கும் தெரியாது. அவர் தன் வலது பக்கம் வரும்படியாகக் கடைக்குள் நுழையும்போதே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றுகொண்டாள், அவர் அதைக் கவனிக்கவில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஹார்டுவேர் கடை இது, புது வீட்டு அடுப்படி அலமாரிகளுக்குக் கைப்பிடி எடுக்க வந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் மின்விசிறி, வாசலில் லாரியிலிருந்து கம்பி இறக்குகிறார்கள். எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று குழைந்து கூழாகக் காதில் இறங்குகிறது, அதற்குள் மைதீன் பாயின் உதடு மட்டும் தனியே அசைகிறது. தாடி வேறு. தாடிக்காரர்களின் உதட்டைப் படிக்க முடிவதில்லை. ஒரு தடவை துக்க வீட்டில் இப்படித்தான் ஒரு தாடிக்காரர் எதையோ சொல்ல, இவள் 'ரொம்ப சந்தோஷம்' என்று சொல்லிவிட்டாள். நல்லவேளை, அங்கே யாரும் யார் சொல்வதையும் கேட்கிற நிலையில் இல்லை.

சுவரில் பச்சைத் துணி ஒட்டிய பலகை. அதில் மேலிருந்து கீழ்வரை கைப்பிடிகளை முடுக்கி வைத்திருந்தார்கள். எவர்சில்வர், கறுப்பு, பித்தளைப் பூச்சு, வெள்ளைப் பீங்கானில் நீலப் பூ. எதைப் பிடித்து இழுத்தாலும் எதுவும் திறக்காது. மகள் ஜாய்ஸ் மஸ்கட்டிலிருந்து படமாக அனுப்பித் தள்ளியிருந்தாள், இப்போது யாரும் கைப்பிடியே வைப்பதில்லையாம், கதவை விரலால் அமுக்கினால் தானே திறந்துகொள்ளுமாம். அமுக்கினால் திறப்பதெல்லாம் ஒரு கதவா. அலமாரி என்றால் பிடித்து இழுக்க வேண்டும், அது கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும், பிறகு 'சரி, போ' என்று விட வேண்டும். அப்படி முரண்டு பிடித்த எத்தனை கதவுகள். ஆசீருக்கு மாற்றல் உத்தியோகம், மின்வாரியம். கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி, அம்பாசமுத்திரம் என்று பெட்டி படுக்கையோடு அலைந்தார்கள். எல்லாம் வாடகை வீடு, எல்லாம் எவனோ வைத்த கைப்பிடி. கோவில்பட்டியில் அலமாரிக்குக் கதவே கிடையாது, கல்யாணத்துக்கு வந்த ஒரு படுக்கை விரிப்பைக் கிழித்துத் திரை போட்டாள். சங்கரன்கோவிலில் இதே மாதிரி வெள்ளைப் பீங்கான் குமிழ். இழுத்தால் கதவு வராது, குமிழ் கையோடு வரும். ஆசீர் ஓட்டைக்குள் தீக்குச்சியைச் செருகி மறுபடி திருகி வைப்பார், 'இனிமே அசையாது பாரு' என்பார், மறுநாள் அது பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் உருண்டு கிடக்கும். தென்காசியில் கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான். அவள் ஒரு பழைய சேலையின் கரையைக் கிழித்து, ஓட்டைக்குள் விட்டு, உள்பக்கம் முடிச்சுப் போட்டாள். அரக்கு நிறக் கரை. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கப் பழகியது. அம்பாசமுத்திரத்தில் நீளக் கொக்கி மாதிரி ஒன்று, போகும்போதும் வரும்போதும் முந்தானையைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு தடவையும் ஆசீர்தான் இழுக்கிறார் என்று நினைத்துத் திரும்புவாள், முதல் கொஞ்ச நாள் சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சலாக, வீட்டைக் காலி பண்ணும்போது அழுகையாக. இதையெல்லாம் இப்போது யாரிடம் சொல்வது. ஆசீரிடம் சொல்லலாம். சொன்னால் அவரும் ஏதாவது சொல்வார். அவர் சொல்வது கேட்காது. அதனால் சொல்லாமல் பீங்கான் குமிழை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

அந்த வீடுகளில் அவளுக்குக் கண்ணே தேவைப்பட்டதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், காதை வைத்துத்தான் சம்பளம். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரே காதுக்குள் வந்து உட்காரும். செருமுகிற செருமலிலேயே இவர் மிளகாய் மண்டிக்காரர், இவர் டாக்டர் வீட்டம்மா என்று சொல்லிவிடுவாள். டிரங்க் காலில் சாவுச் செய்தி வந்தால் வீட்டாருக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். மழைக் காலத்தில் கம்பி அறுந்த ஊர்களுக்கெல்லாம் போய்விட்டு ஆசீர் விடியக்காலம் வருவார். பசிக்கும். இவளை எழுப்பக் கூடாதே என்று அலமாரிக் கதவை மெள்ள, மெள்ள, ஒரு நெல் அகலம் ஒரு நெல் அகலமாகத் திறப்பார். சும்மா திறந்தால்கூடத் தூங்கியிருப்பாள், அந்த மெதுவுக்குத்தான் விழிப்பு வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடப்பாள். குமிழின் கிறீச். டின் மூடி. முறுக்கு ஒடிகிற சத்தம், அதைக்கூட வாய்க்குள் வைத்து ஊறவிட்டுத் தின்கிற மனுஷன். எழுந்து போய் ஒரு தோசை சுட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் தனக்காக அவ்வளவு பாடுபட்டுச் சத்தமில்லாமல் இருக்கிறாரே, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தது அது. இப்போது அவர் எந்தக் கதவை எப்போது திறக்கிறார் என்று தெரிவதில்லை. போன வாரம் விடிகாலையில் விழித்தபோது படுக்கையில் ஆளில்லை, அலமாரிக்கு முன்னால் நின்று எதையோ வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். என்னது என்று கேட்டாள். எதையோ சொன்னார். 'அப்படியா' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம் இவரிடம். என்ன கெட்டுப்போகும். காதில் ஒரு மெஷினை மாட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அம்மாவைப் பார்த்தவள் அவள். அம்மாவுக்கும் இந்த வயதில்தான் போனது. முதலில் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். பிறகு சுருக்கமாகப் பேசினார்கள். பிறகு அவளைப் பற்றி அவள் முன்னாலேயே பேசினார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரித்தால் அம்மாவும் சிரிப்பாள், சிரித்து முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு 'என்ன?' என்பாள். 'ஒண்ணுமில்லம்மா' என்பார்கள். வயலெட்டும் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒண்ணுமில்லாதவளாக ஆகிவிடுவோமோ என்றுதான் பயம். மற்றவர்கள் போகட்டும், ஆசீர் தன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டால்? அவர் முதலிலேயே பேச்சுக் குறைந்த மனுஷன். பெரிய விஷயம் எதுவானாலும் ஒரு தடவைதான் சொல்வார், அதுவும் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார். பெண் பார்க்க வந்தபோது 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்று ஜன்னல் கம்பியிடம் சொன்னார். பிள்ளை பிறந்தபோது 'நீ நல்லாயிருக்கியா' என்று ஆஸ்பத்திரி ஃபிளாஸ்கிடம் கேட்டார். அவருடைய மாமியாரே அதைச் சொல்லிக் கேலி செய்வாள். அப்படிப்பட்டவரிடம் போய் 'திருப்பிச் சொல்லுங்க, திருப்பிச் சொல்லுங்க' என்று கேட்டுக்கொண்டிருந்தால், எத்தனை தடவைக்குச் சொல்வார்.

மைதீன் பாய் ஒரு கறுப்புக் கைப்பிடியைக் கழற்றி நீட்டினார். கைரேகை படியாது என்று சொல்லியிருக்க வேண்டும், விரலால் தேய்த்துக் காட்டினார். அதுக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனசு கைப்பிடியில் நிற்கவில்லை, மறுபடி மாடிக்கே ஏறிவிட்டது. பத்து நாளாக இதே வேலை. அன்றைக்குப் புது வீட்டு மொட்டை மாடியில் நின்றார்கள், சாயங்காலம். பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தூரத்தில் மலை மேல் மேகம். ஆசீர் அவளுடைய இடது பக்கம் வந்து நின்றுவிட்டார், அவள் சுதாரிப்பதற்குள். மலையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். நெடுநேரம் பேசினார். அவருக்கு அது நெடுநேரம். நடுவில் ஒரு தடவை நிறுத்தினார், மறுபடி பேசினார். அவள் தண்ணீர்த் தொட்டி பற்றி என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் திரும்பினார். முகத்தில் ஒரு கேள்வி. பதிலுக்காகக் காத்திருக்கிற முகம். அந்த நேரத்தில் 'என்ன சொன்னிய?' என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். வாய் பழகிப்போன வாய், 'உங்களுக்குச் சரின்னு பட்டா எனக்கும் சரிதான்' என்றது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிற வெட்டவெளியில் அவர் கையைப் பிடித்ததில்லை. அப்போதுதான் இது தொட்டி விஷயம் இல்லை என்று அவளுக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய. சம்மதம் கொடுத்தாயிற்று. எதற்குச் சம்மதம்? வீட்டை இப்போதே ஜாய்ஸ் பேருக்கு எழுதப்போகிறாரா? நாசரேத்தில் தனியாக இருக்கிற அவருடைய அக்காவைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாரா? அக்கா வந்தால் அடுப்படியை அவள் எடுத்துக்கொள்வாள், இந்தக் கைப்பிடியைக்கூட அவள்தான் வந்து குறை சொல்வாள். இல்லை, அக்காவுக்காகவெல்லாம் இவர் கையைப் பிடிக்கமாட்டார்.

அன்றிலிருந்து மனுஷன் மாறித்தான் போய்விட்டார். டைல்ஸ் நிறத்துக்காகக் கடைக்காரனோடு மல்லுக்கு நின்றவர், ஒரு சுவிட்சுக்கு நாலு கடை ஏறி இறங்கியவர், இப்போது எதைக் கேட்டாலும் 'உனக்குப் பிடிச்சதா பாரு' என்கிறார். மெயின் சுவிட்சை எப்படி அணைப்பது, மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டால் எந்த வால்வைத் திருகுவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது என்று ஒவ்வொன்றாக அவள் கையாலேயே செய்யவைத்துப் பார்க்கிறார். மின்வாரியத்துக்காரர் வீட்டில் ஃபியூஸ் கட்டையை அவள் தொட்டதே கிடையாது, தொட்டால் திட்டுவார். புது வீட்டு உற்சாகம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் வசதியாக இருந்தது. இப்போது பலகையிலிருந்து ஒரு கைப்பிடியைக் காட்டி, மைதீன் பாயைக் கழற்றச் சொல்லி, அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைக்கிறார். வளைந்த கைப்பிடி, விரல்கள் உள்ளே தாராளமாகப் போகின்றன. கைக்கு வாகாக இருக்கிறதா என்று கேட்கிறார், வலது பக்கம் நிற்பதால் கேட்கிறது. வாகாகத்தான் இருக்கிறது. அவர் அவளுடைய விரல்களையே பார்க்கிறார். அவருடைய கை இதைவிடப் பெரிசு, அவர் பிடித்தால் விரல் முட்டும். 'நீங்க ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க' என்று நீட்டினாள். 'எனக்கு எதுக்கு' என்றார். என்ன இது. ஏதோ கோபமா. கோபமென்றால் முகம் இப்படி இருக்காது.

இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மைதீன் பாய் ஆசாரி கொடுத்த அளவைப் பார்த்து எண்ணி எண்ணி மேசையில் வைத்தார், திருகாணி எடுக்க உள்ளே போனார். வயலெட் மேசையில் இருந்ததைப் பார்த்தாள். கீழ்க் கதவுகளுக்கு, இழுப்பறைகளுக்கு, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற குறுகல் கதவுக்கு. இன்னும் வேண்டுமே. வாசலில் கம்பி இறக்கி முடித்து லாரி போயிருந்தது. கடை அவளுக்குக் கொஞ்சம் கேட்கிற இடமாக ஆகியிருந்தது.

"மேல் அலமாரிக்கு எங்க?" என்றாள்.

"மேல ஒண்ணும் வேண்டாம்னு ஆசாரிட்ட சொல்லிட்டேன். உனக்கு எட்டாதுல்லா."

"எனக்கு எப்பம் எட்டியிருக்கு? நீங்க எடுத்துத் தருவியள்லா."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆசீர் பச்சைப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதான் அன்னைக்கு மாடியில சொன்னேம்லா வயலெட்" என்றார்.

எந்த வீட்டிலும் மேல்தட்டு அவருடையது. ஆள் உயரம். கிறிஸ்துமஸ் வந்தால் அச்சு முறுக்குக்கான அச்சை எடுத்துத்தர அவர் வேண்டும், விருந்தாள் வந்தால் பெரிய சட்டிக்கு அவர் வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டே அவள் கூப்பிடுவாள், அவர் பேப்பரைப் போட்டுவிட்டு வருவார். எக்குவதுகூட இல்லை, சும்மா கையைத் தூக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு, மாவு படிந்த அவள் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அந்த மனுஷன் மேலே ஒன்றும் வேண்டாம் என்கிறார். எல்லாம் அவளுடைய உயரத்துக்கு, அவளுடைய கைக்கு. மெயின் சுவிட்ச். வால்வு. சிலிண்டர். விடிகாலையில் வாயில் போட்டுக்கொண்ட மாத்திரை. கைப்பிடியை நீட்டினால் 'எனக்கு எதுக்கு'. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 'ஆமாமா, சொன்னிய' என்று சொல்லிவிடலாம். வாயில் வந்து நிற்கிறது அது, எத்தனை சுலபம். சொல்லிவிட்டால் காது விஷயம் காதோடு போய்விடும், இவர் எங்கே போகிறாரோ அங்கே போய்விடுவார், தன் பாட்டுக்குக் கைக்கு வாகான கைப்பிடியை இழுத்துக்கொண்டு அந்த வீட்டில் கிடக்கலாம். எந்தச் சத்தமும் கேட்காது, கேட்பதற்கும் அங்கே ஒரு சத்தமும் இருக்காது. அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, தன்மேல்.

அவர் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "எனக்கு அது கேக்கலை."

"எது?"

"நீங்க மாடியில சொன்னது. ஒரு சொல்லுகூடக் கேக்கலை. எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாச்சு."

ஆசீர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. நடந்த ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்போல அவர் கண் அலைந்தது. பிறகு, "அப்பம் நீ சரின்னு சொன்னது?" என்றார். எதற்கும் அதைத்தான் சொல்வது என்றாள் அவள். அவர் அவள் காதை நோக்கிக் குனிந்தார். வேண்டாம் என்று அவர் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தாள். காதில் சொன்னால் பாதிதான் கேட்கும், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், உதடு தெரிய வேண்டும் என்றாள். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், விடவில்லை. அவர் பலகையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் இல்லாமல் ஆன பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார். நெஞ்சில் அடைப்பு இருக்கிறதாம், மூன்று இடத்தில். திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அவருடைய அண்ணன் அப்படித்தான் ஆஸ்பத்திரி மேசையில் படுத்தான், அதோடு எழுந்திருக்கவில்லை. அவரால் அங்கே போய்ப் படுக்க முடியாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, புது வீட்டில் அவளோடு இருக்கிற மட்டும் இருந்துவிட்டுப் போய்விடுகிறார். ஜாய்ஸுக்கு இப்போது தெரிய வேண்டாம். அவர் உதடு நடுங்கியதால் சில இடங்கள் தப்பின, ஆனாலும் எல்லாம் புரிந்தது.

"இதுக்குத்தான் உனக்குச் சம்மதமான்னு கேட்டேன். நீ சரின்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு" என்றார்.

"இப்பம் கேளுங்க."

"என்னத்தை?"

"அன்னைக்குக் கேட்டதை. மறுபடி கேளுங்க."

அவர் தயங்கினார். கேட்டால் என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "உனக்குச் சம்மதமா?" என்றார், சத்தமே இல்லாமல், வெறும் உதட்டால்.

"சம்மதமில்லை."

அது எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரிவதில்லை. வாசலில் பெயிண்ட் வாங்க நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்ததை வைத்துப் பலமாகத்தான் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். பார்க்கட்டும். அவளுக்கு வெட்கமாக இல்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ஆசீர் எதையோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து மைதீன் பாய் திருகாணிப் பொட்டலத்தோடு வந்து இவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். வயலெட் புருஷனின் வலது கையைப் பிடித்து மேசைமேல் இழுத்து, விரல்களை விரித்து வைத்தாள். நீளமான விரல்கள், ஷாக் அடித்துக் கறுத்த நகம் ஒன்று.

"மேலயும் அலமாரி வருது பாய்" என்றாள். "அதுக்கு வேற எடுங்க, பெருசா. இந்தக் கைக்கு."